அணுகு தொலைவு: உயர் மின்னழுத்தப் பணிக்குரிய ஒரு சொல்லின் விளக்கம்

மின்சாரத்தை நிறுத்தாமலேயே உயர் மின்னழுத்தக் கம்பிகளில் பழுதுபார்ப்பவர், தம் உடலின் எந்தப் பகுதியையும் கையிலுள்ள மின்கடத்தும் கருவியையும் கம்பிக்கு எவ்வளவு அருகே கொண்டுசெல்லலாம் என்று வரையறுக்கும் அளவை ஆங்கிலத்தில் ‘மினிமம் அப்ரோச் டிஸ்டன்ஸ்’ என்பர். சிங்கப்பூர்ப் பணியிடங்களில் தமிழ் ஊழியர்களிடையே இது ‘பாதுகாப்பான தூரம்’, ‘சேஃப்டி டிஸ்டன்ஸ்’, ‘கிளியரன்ஸ்’ என்று பலவாறு வழங்குகிறது. இவற்றுள் எதுவும் முழுப் பொருளைத் தரவில்லை. ‘சிறும அணுகு தொலைவு’ என்பதே பொருந்தும் என்பதற்கான காரணங்கள் அந்த அளவு கணக்கிடப்படும் முறையிலேயே இருக்கின்றன.

முதலில் ‘கிளியரன்ஸ்’. தெளிவு என்னும் பொருள் கொண்ட ‘கிளாரஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, பொறியியலில் இரண்டு நிலையான பொருள்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடத்தைக் குறிக்கும். கம்பிக்கும் தரைக்கும் இடையே, கம்பிக்கும் கோபுரத்தின் கைக்கும் இடையே, கம்பிக்கும் கட்டடத்திற்கும் இடையே எவ்வளவு வெளி வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் ஒருமுறை முடிவுசெய்துவிடுகிறார். இதற்கு ‘இடைவெளி’ என்பது நல்ல தமிழ். ஆனால் ஊழியர் நிலையான பொருள் அல்லர்; அவர் குனிவார், திரும்புவார், கால் வழுக்கினால் கையை நீட்டுவார். அசையும் மனிதரை நோக்கிய அளவுக்கு இடைவெளி என்று பெயரிட்டால் அந்த அசைவு கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘பாதுகாப்பான தூரம்’ என்பதிலும் குறை உண்டு. அது நின்று வேலைசெய்ய ஏற்ற இடம் என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் இந்த அளவு தாண்டக் கூடாத ஓர் எல்லை மட்டுமே.

‘அணுகு’ என்பது அண்மை, அணை, அணி ஆகிய சொற்களோடு உறவுடைய பழைய வினை. “அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க” என்று 691ஆம் குறளில் அது வருகிறது. விலகியும் போகாமல் ஒட்டியும் போகாமல் நிற்கும் அளவான நிலையைச் சொல்ல வள்ளுவர் கையாண்ட வினை இதுவே. தீக்காய்வோருக்கு நெருப்பின் சூடு அளவைச் சொல்லிவிடும். மின்னழுத்தம் அப்படி எந்த முன்னறிவிப்பையும் தருவதில்லை. மின்சாரம் காற்றைப் பிளந்து தாவும் கணம் வரை தோலுக்கு எதுவும் தெரியாமலே போகலாம் என்பதால்தான், இந்தத் தொலைவை உணர்வுக்கு விடாமல் எண்ணாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த எண் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. ஒன்று, மின்சாரம் காற்றில் தாவக்கூடிய தொலைவு. மற்றொன்று, ஊழியரின் எதிர்பாராத அசைவுக்கு விடப்படும் தொலைவு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிர்வாகம் 2014இல் திருத்தி வெளியிட்ட விதிகளில் இந்த இரண்டாம் பகுதி 750 வோல்ட்டுக்கு மேல் 72.5 கிலோவோல்ட் வரை 0.61 மீட்டர், அதற்கு மேல் 0.31 மீட்டர். சிங்கப்பூர் மின்கட்டமைப்பில் உள்ள மின்னழுத்த நிலைகளை அந்த விதிகளின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சொல்லின் பொருள் தெளிவாகும் (சிங்கப்பூரில் பின்பற்ற வேண்டியது உள்நாட்டு விதிகளையே). கம்பிக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட நிலையில் 22 கிலோவோல்ட்டுக்கு 0.77 மீட்டர், 66 கிலோவோல்ட்டுக்கு 1 மீட்டர், 230 கிலோவோல்ட்டுக்கு 2.01 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 4.25 மீட்டர் என்று அட்டவணை கூறுகிறது. 22 கிலோவோல்ட்டில் மின்சாரத்தின் பங்கு வெறும் 0.16 மீட்டர்தான், மீதி முழுவதும் மனித அசைவுக்காக விடப்பட்டது. 230 கிலோவோல்ட்டிலோ 1.70 மீட்டர் மின்சாரத்தின் பங்கு. குறைந்த அழுத்தத்தில் இந்தத் தொலைவு பெரும்பாலும் ஊழியரின் உடலைப் பற்றியது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ‘அணுகு’ என்ற வினை சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

மின்சாரத்தின் பங்கு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றையும் ‘பேஸ்’ என்பர்; 230 கிலோவோல்ட் என்பது இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையிலான அளவு. கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே அது ஏறத்தாழ 133 கிலோவோல்ட், அதன் உச்சம் 188 கிலோவோல்ட். எங்கோ தொலைவில் மின்சுற்றைத் துண்டித்து இணைக்கும் ஒரு பிரேக்கர் திறந்து மூடும்போது, ஒரு நொடியில் மிகச் சிறு பகுதிக்கு அழுத்தம் அந்த உச்சத்தைப் போலச் சில மடங்கு உயர்ந்து தணியலாம். அன்றாட அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்தச் சிறு கணத்தில் உயிர் போகும். ஆகவே எழக்கூடிய மிகை அழுத்தத்தையே கணக்கில் கொள்கிறார்கள். பணி நடக்கும்போது, பழுதால் மின்சாரம் துண்டிக்கப்பட்ட கம்பிக்கு அதைத் தானாக மீண்டும் இணைத்துவிடும் ஏற்பாட்டையும் முடக்கிவைக்கிறார்கள். தொலைவு கூடக்கூடக் காற்றின் தாங்குதிறன் அதே விகிதத்தில் கூடுவதும் இல்லை. 400 கிலோவோல்ட்டுக்கான அளவு 230க்கான அளவின் இருமடங்கையும் தாண்டுவதற்கு அது முக்கியமான காரணம். காற்று அடர்த்தி குறையும் உயரமான இடங்களில், அதாவது 900 மீட்டருக்கு மேல், தொலைவை இன்னும் கூட்ட வேண்டும். மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரை எட்டாத சிங்கப்பூரில் இந்தத் திருத்தத்துக்கு வேலையில்லை.

மின்சாரம் நிறுத்தப்படாத கம்பியை ஆங்கிலத்தில் ‘லைவ் லைன்’ என்பர்; அதிலுள்ள ‘லைவ்’ என்ற அடைமொழியைச் சிலர் ‘நேரடி’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். நேரடி ஒளிபரப்புக்கு உரிய சொல் அது; கம்பிக்குப் பொருந்தாது. ‘மின்னோட்டமுள்ள கம்பி’ என்பதும் போதாது, ஏனெனில் மறுமுனை திறந்திருக்கும் கம்பியில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமலும் முழு அழுத்தமும் இருக்கும். ஓட்டமில்லை என்று நம்பித் தொட்டவர் பிழைக்கமாட்டார். லைன் சார்ஜில் இருக்கிறது என்று மின்பணியாளர்கள் பேசுவதை ஒட்டி ‘மின்னேறிய கம்பி’ என்று எழுதுவது சரியாக இருக்கும்.

சிங்கப்பூரில் மின்னேறிய கம்பிகளைத் தலைக்கு மேல் காண்பது அரிது. மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடிக் கம்பிவடங்களில் செல்கிறது. 400, 230 கிலோவோல்ட் கம்பிவடங்களுக்காக ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் சுரங்கங்களும் உண்டு. கம்பிவடத்தில் காற்றின் வேலையைச் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள காப்புப்பொருள் செய்கிறது, அதைச் சுற்றிய உலோக உறை நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது; காற்றில் 4 மீட்டர் கேட்ட அழுத்தம் அங்கே ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. தோண்டும் இயந்திரம் அந்த உறையைக் கிழித்துவிட்டால் அந்த அடக்கமும் போய்விடும். மண்வேலை தொடங்குமுன் கம்பிவடங்கள் செல்லும் இடத்தைக் கண்டறிய வேண்டும் என்று இங்கே கண்டிப்பாக இருப்பது இதற்காகவே. திறந்தவெளியில் மின்னேறிய பாகங்கள் இருக்கும் துணைமின்நிலையங்களிலும், ரயிலுக்கு மேலே செல்லும் கம்பியில் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம் பாயும் வடக்கு கிழக்கு ரயில் பாதையிலும் அணுகு தொலைவு அதன் சரியான பொருளில் தேவைப்படுகிறது. நான்கு மொழி எச்சரிக்கைப் பலகைகளில் ‘அபாயம்’ என்ற சொல் இருக்கிறது. எவ்வளவு தொலைவில் அபாயம் தொடங்குகிறது என்பதும் அதே தமிழில் ஊழியருக்குத் தெரிய வேண்டும்.

மின்னேறிய கம்பியை வெறுங்கையால் தொட்டே செய்யும் முறையும் ஒன்று உண்டு. மின்கடத்தும் இழைகள் நெய்த உடையணிந்த ஊழியர், காப்பிட்ட ஏணியிலோ தூக்குமேடையிலோ சென்று கம்பியின் அழுத்தத்துக்கே தம்மைக் கொண்டுவந்துவிடுகிறார். இப்போது கம்பி அவருக்கு ஆபத்தில்லை. கோபுரமும் மற்ற பேஸ் கம்பிகளும்தான் ஆபத்து, தொலைவும் அவற்றிலிருந்தே அளக்கப்படுகிறது. ஆகையால் ‘சிறும அணுகு தொலைவு’ என்பதற்குப் பொருள் எழுதுவோர் ‘ஊழியருக்கும் கம்பிக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு’ என்று நிறுத்திவிடக் கூடாது. ‘தாம் இருக்கும் மின்னழுத்தத்திலிருந்து வேறுபட்ட அழுத்தமுள்ள எந்தப் பொருளையும் ஊழியர் நெருங்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவு’ என்று எழுத வேண்டும்.