கூட யார் வந்திருக்காங்க?

போன வருடம் ஒரு பெண் வந்தார். பிரசவமாகிப் பதினான்கு மாதம். மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் வரை இழுக்கிறது, கட்டி கட்டியாகப் படுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊரில் பார்த்தவர்கள், பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பரிசோதித்தபோது கர்ப்பப்பை வாயில், கர்ப்பம் தரிக்காமலிருக்க உள்ளே வைக்கும் காப்பர்-டியின் நூல் தெரிந்தது.

"காப்பர்-டி எப்பம்மா போட்டீங்க?"

"என்னது டாக்டர் அது?"

ரேஷன் கார்டு நகலோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் டிஸ்சார்ஜ் அட்டையை மடித்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். குழந்தையின் எடைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு சுருக்கெழுத்து: பி.பி.ஐ.யூ.சி.டி. பிரசவம் முடிந்த கையோடு வைக்கப்பட்ட காப்பர்-டி என்று பொருள். பதினான்கு மாதமாக அந்தச் சேதி அவர் பீரோவிலேயே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாத பாஷையில்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "இதை எடுத்தா அவங்க திட்டுவாங்களா டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. நானும் அரசு மருத்துவமனைகளில் பல வருடம் பிரசவம் பார்த்தவள்தான். வலியில் துடிக்கிற பெண்ணிடம் "இடைவெளிக்கு ஒண்ணு வெச்சுடறோம், சரியா?" என்று கேட்டு, அவர் "ம்ம்" என்றதை 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் "உன் சொத்தை எழுதித் தர்றியா?" என்று கேட்டாலும் "ம்ம்" என்றுதான் சொல்லியிருப்பார். மாதக் கடைசியில் ரிவ்யூ மீட்டிங். 'உங்க யூனிட்ல எத்தனை?' என்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

காப்பர்-டி மோசமான கருவி இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ வைக்கலாம். 380-ஏ வகை பத்து வருடம் வரை வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே இதைப் பேசி முடித்திருக்க வேண்டும், வலி வந்த பிறகு புதிதாகத் தொடங்கக் கூடாது என்றுதான் வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட் நகலைப் பிறகு பார்த்தேன். ஒப்புதல் பகுதியில் கையெழுத்து இருந்தது. அவருடையது இல்லை, மாமியாருடையது.

நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "என்ன செய்யுது?" என்பதல்ல, "கூட யார் வந்திருக்காங்க?" என்பதுதான். ரத்தம் கொண்டுவர, மருந்து வாங்க, ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற அக்கறையில் தொடங்கிய கேள்விதான் அது. எப்போதோ அது கையெழுத்துக்கான கேள்வியாக மாறிவிட்டது.

இன்னொரு பெண், முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள், கணவர் துபாயில். லீவில் வந்துவிட்டுப் போன பிறகு நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஏழு வாரத்திலேயே ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டார். 'வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாது' என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் 'அப்பாவையாவது கூட்டிட்டு வாம்மா'. அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வது? என்னிடம் வந்தபோது பதின்மூன்று வாரம். ஒன்பது வாரம் வரை மாத்திரையிலேயே முடித்திருக்கலாம். அந்த ஒரு கையெழுத்துக்கு அலைந்ததில் மாத்திரை, அறுவை அரங்கு ஆகிவிட்டது. செலவும் ஆபத்தும் கூடியது, விடுப்பு நாட்களும் கூடின. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு விடுப்பு நாள் என்பது சம்பளமில்லாத நாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் தொடக்கத்திலிருந்தே, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும் என்கிறது. காப்பாளர் கையெழுத்து தேவைப்படுவது 18 நிறையாதவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும்தான். கணவர் என்ற சொல் ஒப்புதல் விதியில் எங்குமே கிடையாது. 2021-இல் வந்த திருத்தம் 20 வாரம் வரை ஒரே டாக்டரின் கருத்து போதும் என்றது, குறிப்பிட்ட நிலைமைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதித்தது. 'கருத்தடை முறை தவறிய மணமான பெண், அவர் கணவர்' என்று இருந்த இடத்தை 'எந்தப் பெண்ணும், அவர் இணையும்' என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், குடும்பத்தார் சம்மதம் கொண்டுவா, அந்தச் சான்றிதழ் கொண்டுவா என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் துணைவர் ஒப்புதல் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது.

(வாசக்டமிக்கு, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனுக்கு, வந்த ஆணிடம் 'உங்க மனைவி கையெழுத்து எங்கே?' என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க ஆணே வருவதில்லை என்பது வேறு கதை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.)

அப்புறம் ஏன் கேட்கிறோம்? பயம். நாளைக்குப் புருஷன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து 'யாரைக் கேட்டு செஞ்சே?' என்று கவுன்டரில் தகராறு செய்வான் என்ற பயம். இது கற்பனைப் பயம் இல்லை, எனக்கே நடந்திருக்கிறது. அதனால் அந்தக் கையெழுத்தை ஒரு காப்பீடு மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் காப்பீடு செல்லாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கைப் பார்க்கலாம். நாற்பத்து நான்கு வயதுப் பெண், மணமாகாதவர். உதிரப்போக்குக்காக உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயின் சம்மதம் அங்கே டாக்டரைக் காப்பாற்றவில்லை. சுயநினைவுள்ள, வயது வந்த பெண்ணுக்காக வேறு யாரும் ஒப்புதல் தர முடியாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இருந்தாலொழிய அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மாமியார் கையெழுத்துக்கு மட்டும் மதிப்பு வந்துவிடுமா என்ன?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபரேஷனுக்கு முன்னால் நிரப்ப வேண்டிய செக்லிஸ்ட், ஒப்புதல் படிவம் எல்லாம் எங்களுக்கு ஒரு தொந்தரவு. 'மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேறு வேலையில்லை' என்றுதான் பேசிக்கொள்வோம். அது மேலிருந்து தானாக வரவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் கருத்தடை ஆபரேஷன் முகாம்களில் நடப்பதைப் பெண்கள் நல அமைப்பினர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். ரமாகாந்த் ராய் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2005 மார்ச்சில் வந்த உத்தரவில்தான் எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரியான ஒப்புதல் படிவம், டாக்டர் நிரப்ப வேண்டிய செக்லிஸ்ட், தர உறுதிக் குழு, இறப்புக்கும் பாதிப்புக்கும் இழப்பீடு எல்லாம் வந்தன. நான் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பிய தாள் அது.

தாள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2012 ஜனவரி 7 அன்று பீகாரின் அரரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு எட்டு மணிக்கு முகாம் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன். ஒரே சர்ஜன், டார்ச் வெளிச்சம். மாணவர்கள் உட்காரும் பெஞ்சுதான் ஆபரேஷன் மேஜை. கணக்குப் போட்டால் ஒருவருக்கு இரண்டேகால் நிமிடம். நான் கை கழுவவே அதைவிட அதிக நேரம் ஆகும். தேவிகா பிஸ்வாஸ் என்ற பொதுச் சுகாதாரச் செயற்பாட்டாளர் அந்த ஊருக்கே போய் அந்தப் பெண்களிடம் பேசினார், வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதி முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். அதில் ஒரு முகாமில் மட்டும் ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பேருக்குச் செய்திருந்தார். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்ற விதி அப்போதே இருந்தது.

2016 செப்டம்பர் 14 அன்று தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முகாம் முறையை மூன்று வருடத்துக்குள் நிறுத்த வேண்டும், செக்லிஸ்டில் உள்ளதை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், யோசிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் என்ற வரியைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் ஒரு நிமிடம்கூடக் கொடுத்ததில்லை.

நம் பக்கத்திலும் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. செங்கல்பட்டில் 1981-இல் பன்னிரண்டு தலித் பெண்கள் சேர்ந்து தொடங்கிய ருவ்செக் அமைப்பு, கிராமத்துப் பெண்களுக்கு அவர்கள் உடம்பைப் பற்றி அவர்கள் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது. என் மனதை மாற்றியது இப்படி ஒரு மகளிர் குழுவிலிருந்து வந்த அக்காதான். பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நர்ஸ் படிவத்தை நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன். நான் எட்டாவதுதான்."

நான் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலப் படிவம். 'இந்த ஆபரேஷன் நிரந்தரமானது. வேறு தற்காலிக முறைகள் இருப்பது எனக்கு விளக்கப்பட்டது. எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம், அதனால் மற்ற சிகிச்சைகள் மறுக்கப்படாது' என்று தமிழில் சொல்லிக்கொண்டே வரும்போதுதான், இதில் எதையுமே நான் யாருக்கும் விளக்கியதில்லை என்பது உறைத்தது. மூன்றாவது வரியில் அந்தப் பெண், "தற்காலிகம்னா என்ன முறை இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை, கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு போனார். மாதக் கடைசி ரிவ்யூ மீட்டிங்கில் என் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

இப்போது நான் செய்வது ரொம்பச் சின்ன விஷயம். ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே பிரசவத்துக்குப் பிந்தைய முறைகளைப் பற்றிப் பேசிவிடுவேன். கூட வந்தவரை "இந்தச் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன். மருந்தகத்தில் கூட்டம் அதிகம் இருக்கிற நேரமாகப் பார்த்து அனுப்பினால் பத்து நிமிடம் நிச்சயம். மாமியார் முன்னால் 'அத்தை சொன்னா சரிதான்' என்றவர்கள், கதவு சாத்தியதும் வேறு ஆளாகப் பேசுவார்கள். கணவர் உடனிருந்து கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே விரும்பினால் தாராளமாக இருக்கட்டும், அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

வார்டு வாசலில் நின்று "அபார்ஷன் கேஸ் யாரும்மா?" என்று கூப்பிடுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு என்று சொல்லித்தான் நிறுத்த முடிந்தது.

இதைப் படிப்பவர் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ போகிறவராக இருந்தால், படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 'எனக்குள்ளே ஏதாவது வெச்சிருக்கீங்களா?' என்று நேராகக் கேட்டு, அட்டையில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பர்-டியை எடுக்கச் சொல்ல காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. மறுத்தால் 104-ஐக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமானாலோ சிக்கல் வந்தாலோ இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அதற்கு ஆபரேஷன் சான்றிதழ் கட்டாயம் வேண்டும், அதனால் பத்திரமாக வையுங்கள்.

முதலில் சொன்ன பெண்ணுக்கு அன்றே காப்பர்-டியை எடுத்தேன். எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றார். பஞ்சில் வைத்துக் காட்டினேன். "இத்துனூண்டா?" என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். ரத்தம் ஏறியிருந்தது. அவருடைய நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அவருக்கு ஏழாம் மாதம். "இவளுக்கும் அன்னிக்கு எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, நான் சொல்லாமலேயே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் கிளினிக் படிவத்தில் இன்னும் 'கணவர் / தந்தை கையொப்பம்' என்ற வரி இருக்கிறது. பழைய அச்சு. கட்டுக்கட்டாக மீதி இருக்கிறது, தீர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கணக்கு பார்ப்பவர். அதுவரை ஒவ்வொரு தாளிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.