பேச்சு வந்துவிட்டது, விழுங்க வருகிறதா?

"பாட்டா நல்லா பேசுறாரே, அப்புறம் எதுக்கு ஸ்பீச் தெரபி?" குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று எங்கள் குமரி மாவட்ட வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அண்மையிலும் அதே கதைதான். பக்கவாதத்துக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்று, மூக்கில் குழாயோடு வீடு வந்த பெரியவர். பேச்சு தெளிந்ததும் வீட்டாரே குழாயை எடுத்துவிட்டு, படுக்க வைத்தபடி கஞ்சித்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். புரையேறியிருக்கிறது. "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டிவிட்டு, மேற்கொண்டும் கொடுத்திருக்கிறார்கள். சில நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா.

விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி தருவதும் ஸ்பீச் தெரபிஸ்டுகளான எங்கள் வேலைதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்கச் சிரமம் இருக்கும். பேச்சு சரியானால் விழுங்குவதும் சரியாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பார்க்கின்சன், தலைக்காயம், மறதி நோய் உள்ளவர்களுக்கும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கும் விழுங்கும் சிரமம் வரும்.

எனக்குப் பெரிய கவலை தருவது, "கெட்டியாகக் கொடுத்தால்தானே அடைக்கும், தண்ணியாகக் கொடுத்தால் இறங்கிவிடும்" என்ற நம்பிக்கை. இவர்களில் பலருக்கு நடப்பது தலைகீழ். குரல்வளை மேலேறி மூச்சுக்குழாயை மூடுவதற்குள் தண்ணீர் ஓடிவிடும். நாக்கும் தொண்டையும் மந்தமானவருக்கு அதைப் பிடித்து நிறுத்தத் தெம்பு கிடையாது. இளநீர், கட்டன்சாயா, கஷாயம் எல்லாமே இதே கணக்கில்தான் வரும். பழங்கஞ்சி இன்னும் சிக்கல். பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் உள்ளே நழுவிவிடும். புட்டு உதிர்ந்து தொண்டையில் தங்கும். இப்படிப்பட்ட ஒருவருக்கு நன்றாக மசித்த ஏத்தன்பழம் தண்ணீரைவிடப் பத்திரமாக இறங்கலாம். ஆனால் யாருக்கு எது என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும். சிலருக்கு பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்க வேண்டிவரும்; சிலருக்கு மூக்கு வழியே சிறு கேமரா விட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாங்கள் சொன்னதை உங்கள் அப்பாவுக்குச் செய்யாதீர்கள்.

இருமவில்லை என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். தொண்டையில் உணர்வு குறைந்தவருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. சாப்பிட்டதும் குரல் சளி கட்டியதுபோல ஈரமாக ஒலிக்கிறதா, கன்னத்தில் சோறு தங்குகிறதா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நெடுநேரம் ஆகிறதா, எடை குறைகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, கவனியுங்கள்.

வாயால் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால், நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். சின்ன ஸ்பூன். ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. டிவியை அணையுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்; வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். குழாயில் உணவு போகிறவருக்கும் இது பொருந்தும், தலைப்பக்கம் உயர்ந்திருக்கவும் வேண்டும். உழிச்சல் (எண்ணெய் தடவி உருவிவிடும் சிகிச்சை) பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், மறுக்கவில்லை. படுத்திருப்பவர் வாயில் கஷாயம் மட்டும் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன், "விழுங்குவதைச் சோதித்தீர்களா? வாயால் என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால் நர்ஸிடம் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். தெரபிஸ்டிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதும் உங்கள் உரிமை.

இன்னொன்று. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு (ஆர்.சி.சி.) போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கதிர்வீச்சு முடிந்து பல மாதம் கழித்து, தொண்டைத் தசை இறுகிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். தொடங்குவதற்கு முன்பே வாருங்கள். நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. வலி வருவதற்குள் கற்றுக்கொண்டால் சிகிச்சை நடக்கும்போதும் அவற்றைச் செய்துவர முடியும்.