கற்றாழைக்குள் நடக்கும் தண்ணீர்ப் பங்கீடு

ஆனி, ஆடியில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருக்கும். அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தலுக்கு வந்தால் மழை இருக்காது, காற்றுதான், இருக்கிற ஈரத்தையும் வழித்துக்கொண்டு போகிற காற்று. காற்றாலைகளுக்குக் கீழே கள்ளி மட்டும் அசராமல் நிற்கும்.

அப்படியொரு ஆடியில் வீட்டுத் தொட்டியிலிருந்த சோற்றுக்கற்றாழைக்கு ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் (மறதி என்ன, சோம்பல்தான்). மடல்கள் செம்பழுத்து, கூரை ஓடு போல உள்ளே வளைந்துவிட்டன. ஒன்றைக் குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்த சோறு பாதியாகச் சூம்பியிருந்தது, ஓரத்துப் பச்சையோ அப்படியே இருந்தது. விஷயமே அதில்தான்.

சோறு என்பது பச்சையம் இல்லாத பெரிய பெரிய செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் முக்கால்வாசிக்கு மேல் நுண்குமிழிதான், அதாவது தண்ணீர்ப் பை. சுவர் மெல்லியது, நீர் குறையக் குறைய ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கும், கிழியாது. அங்கிருந்து வெளியேறும் நீரைப் பச்சை செல்கள் எடுத்துக்கொள்ளும். ஒளிச்சேர்க்கை நடப்பது அவற்றின் பசுங்கணிகங்களில் என்பதால், கிடங்கு காலியானாலும் அடுப்படி ஓடுகிறது.

சரி, காற்று வேண்டாமா? இலைத்துளையைப் பகலில் திறந்தால் நீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கி அதே நுண்குமிழியில் போட்டுவைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து வெயிலில் சர்க்கரை செய்யும். சென்னை மாகாணத்தில் வேலைபார்த்த பெஞ்சமின் ஹெய்ன் 1813-லேயே இதை நாக்கால் பிடித்துவிட்டார்: ரணகள்ளி இலை (நம் ஊரில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்') காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது என்று எழுதினார். நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம், அதில் நச்சு உண்டு.

வறட்சி இன்னும் முற்றினால் இரவிலும் கதவடைப்புதான். தான் சுவாசித்து வெளிவிடும் வாயுவையே திரும்பத் திரும்பப் பிடித்து அமிலமாக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். வளர்ச்சி சுத்தமாக நின்றுவிடும், ஆனால் பசுங்கணிகம் கெடாது. அப்போது வேலையில்லாமல் வந்து விழும் வெயில் அதைப் பொசுக்கிவிடாமல் தடுக்கத்தான் அந்தச் செம்பழுப்பு நிறமி.

அப்புறம் தண்ணீர் ஊற்றினேன். சில நாளில் நடுமடல்கள் உப்பிவிட்டன. அடிமடல் இரண்டு மட்டும் எழவில்லை, அவற்றின் நீர் எப்போதோ குருத்துக்குப் போய்விட்டிருந்தது.