பேசாமல் காத்திருக்கும் ஒரு மணித்தியாலம்

கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வெற்றிலை போட்டு வந்த ஒருவருக்கு வாய்ப்புற்றுநோய் என்று உறுதியானால், கழுத்திலுள்ள நெறிகளுக்கும் (நிணநீர்க் கணுக்களுக்கும்) அது பரவிவிட்டதா என்பதையே வைத்தியர் அடுத்ததாக அறிய விரும்புவார். சி.ரி. ஸ்கான் நெறியின் வடிவத்தையும் அளவையும் காட்டும். ஆனால் பருத்த நெறியெல்லாம் புற்றுமல்ல, சிறுத்த நெறியெல்லாம் நல்லதுமல்ல. கலங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைப் பார்க்கப் பெட் ஸ்கான் வேண்டும். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு இந்த இயந்திரத்தை வாங்குவதற்காக 2016 இல் பொதுமக்கள் பணம் சேர்த்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

பெட் ஸ்கானுக்காக, குளுக்கோசை ஒத்த ஒரு மூலக்கூறில் புளோரின்-18 என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள அணுவைப் பொருத்தி நாளத்தில் ஏற்றுகிறார்கள். புற்றுக்கலங்கள் பெரும்பாலும் சாதாரண கலங்களைவிட அதிகமாகச் சர்க்கரையை உள்ளெடுப்பவை. உள்ளே சென்ற இந்தப் போலிச் சர்க்கரை முழுமையாகச் சிதையவும் மாட்டாமல், வெளியேறவும் மாட்டாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. புளோரின் வெளிவிடும் பொசித்திரன் (இலத்திரனை ஒத்த, ஆனால் நேரேற்றமுள்ள துணிக்கை) அருகிலுள்ள இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. உடலைச் சுற்றியுள்ள உணரி வளையம் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவை பிறந்த இடம் அவற்றை இணைக்கும் கோட்டில்தான் இருக்கவேண்டும். இத்தகைய எண்ணற்ற கோடுகளிலிருந்து கணினி படத்தை அமைக்கிறது. புளோரின்-18 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடங்களே.

ஊசி ஏற்றிய பின் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நோயாளி கதைக்காமல், எதையும் மெல்லாமல், போர்வைக்குள் இருக்கவேண்டும். இதை வெறும் கட்டுப்பாடாகச் சொல்லாமல் காரணத்தையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. கதைத்தால் குரல்வளைத் தசைகளும், மென்றால் தாடைத் தசைகளும் சர்க்கரையை இழுத்துப் படத்தில் ஒளிரும். குளிரூட்டிய அறையில் உடல் சில்லிட்டால், வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கழுத்தின் இருபுறமும் ஒளிரும். கொழும்பின் வெக்கையிலும் போர்வை அதற்காகத்தான். ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்திருந்தால், மற்றது ஈடுசெய்ய அதிகம் உழைத்து ஒளிர்கிறது. அதையறியாதவர் நலமான பக்கத்தையே புற்றென்று எண்ணிவிடக்கூடும்.

காசநோய் நெறியும், சீழ்ப்பிடித்த பல்வேரும் அப்படியே ஒளிரும். சில மில்லிமீற்றர் அளவேயான புற்றுத்துணிக்கை ஒளிராமலும் போகலாம். ஆகவே ஐயமுள்ள இடத்தில் ஊசியால் கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே முடிவு சொல்கிறார்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு வேறொரு எளிய வழியும் உண்டு. தெக்னீசியம்-99எம் என்னும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளை ஏற்றி, சுரப்பிகள் அதை உள்ளெடுத்த பின் நாக்கில் தேசிக்காய்ச் சாறு விடுவார்கள். புளிப்புப் பட்டதும் சுரப்பிகள் தம்மிடமுள்ளதை வாய்க்குள் வடித்துவிடும். வார்த்தின் கட்டி எனப்படும் புற்றல்லாத கட்டியோ பெரும்பாலும் வடிக்க வழியின்றிப் படத்தில் கரும்புள்ளியாக எஞ்சி நிற்கும்.

கதிர்ச் சிகிச்சை முடிந்ததும் உடனே பெட் எடுத்தால் அழற்சியே ஒளிரும் என்பதால் சுமார் 12 வாரங்கள் பொறுக்கிறார்கள். 564 நோயாளிகளை உள்ளடக்கி 2016 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், இவ்வாறு பெட் மூலம் கண்காணிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கழுத்து நெறிகளை அகற்றும் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரைவிட அவர்களின் ஆயுள் குறையவுமில்லை.