பாலியேட்டிவ் கேர்: தணிப்புப் பேணுகை

டாக்டர் "பாலியேட்டிவ்" என்றதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அப்ப ஆச்சிக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாதா?" என்பதுதான். "கடைசிக்காலச் சிகிச்சை" என்று பெயர்த்துச் சொன்னதால் வந்த வினை இது.

இலத்தீனில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்தும் அங்கி. அதன் வினைவடிவத்துக்குப் 'போர்த்து' என்று பொருள். நோயின் வேர் இருக்க, அது தரும் துன்பத்தை ஆற்றுவது என்ற மருத்துவப் பொருள் பின்னால் வந்தது. இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் தொடங்கிய, இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் 'ஹாஸ்பிஸ்' முறையைக் கனடாவின் மான்ட்ரியலுக்குக் கொண்டுபோனவர் மருத்துவர் பால்ஃபர் மவுன்ட். அங்கே பேசும் பிரெஞ்சில் 'ஹாஸ்பிஸ்' ஆதரவற்றோர் விடுதியைக் குறித்ததால், 1970களின் நடுவில் 'பாலியேட்டிவ் கேர்' என்ற தொடரை அவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரே பயமுறுத்தினால் நோயாளி வரமாட்டார் என்பது அன்றே தெரிந்திருந்தது.

தமிழில் இதற்கு ஏற்ற வேர் 'தணி'. "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி" என்ற 948ஆம் குறளிலேயே இருக்கிறது. தாகம் தணியும், காய்ச்சல் தணியும். அடங்கியது என்றுதான் பொருள், இனி வராது என்றல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 'நோய் ஆதரவு' என்கிறார்கள். பரிவான சொல்தான், ஆனால் அதில் மருந்து தெரியவில்லை, ஆறுதல் மட்டும் தெரிகிறது. 'தணிப்புப் பேணுகை' என்றால் இரண்டும் வந்துவிடும். வீட்டில் சொல்ல "நோவு தணிக்கிற வைத்தியம்" போதும். புற்றுநோய் தெரிந்த அன்றே, கீமோவோடு சேர்த்தே இதைத் தொடங்கலாம். இறுதிக்காலப் பேணுகை இதன் கடைசிப் பகுதி மட்டுமே.

கடும் வலிக்கு முதன்மையான மருந்து, அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் மாத்திரை. வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி., தளர்ந்த முதியவருக்கு 2.5 மி.கி. என்று டாக்டர் தொடங்குவார். சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் அளவும் இடைவெளியும் மாறும். வலி வரட்டும், தரலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய பிழை. ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் விலகும், மலச்சிக்கல் விலகாது. ஆகவே முதல் நாளே மலமிளக்கி வேண்டும். அதை விட்டுவிட்டு, வயிறு உப்பியதும் மார்ஃபினையே நிறுத்துவார்கள். வலி திரும்பும், பழியோ மாத்திரை மேல் விழும்.

உலகில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்தப் பேணுகை தேவை, 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் 2017 கணக்குப்படி, ஆண்டுக்கு உலகில் வழங்கப்பட்ட 298.5 டன் மார்ஃபின் வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். இது மனத்தை வருத்தும் கணக்கு, ஏனெனில் மாத்திரை விலை உயர்ந்ததே அல்ல. இந்தியா சட்டப்படி அபினிச் செடி பயிரிடும் நாடு. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் பல உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. 2014 திருத்தத்துக்குப் பின், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும். எனவே மருத்துவமனையில் மூன்றைக் கேளுங்கள்: அங்கீகாரம் உண்டா, பயிற்சி பெற்ற டாக்டர் உண்டா, மாத்திரை இன்று கையிருப்பில் உண்டா?

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரு துணையாளுமே இருப்பார்கள். கழிவறை பின்கட்டில், நடுவில் உயரமான நிலைப்படிகள். இருட்டறையில் கிடத்தாமல் கட்டிலை வளவின் (வீட்டின் நடுமுற்றப் பகுதி) காற்றோட்டமான பக்கம் போட்டு, கமோடு நாற்காலியை அருகிலேயே வையுங்கள். திரும்பிப் படுக்க முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள்; எலும்பு மேட்டில் தோல் சிவந்திருந்தால் அங்கே தேய்க்கக் கூடாது. மாத்திரை நேரத்தைக் காலண்டர் தாளின் பின்புறம் பெரிதாக எழுதுங்கள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளைக்கு டாக்டர் இரட்டை அளவு எழுதியிருந்தால், நடு இரவு 2 மணிக்கு ஆச்சியை எழுப்ப வேண்டாம்.