கதிர்வீச்சு ‘வெளிப்பாடு’ யாருடையது?

‘அணுமின் நிலையத்தை ஒட்டிய கிராம மக்களின் கதிர்வீச்சு வெளிப்பாடு மதிப்பிடப்பட்டது.’ இப்படி எழுதினால் என்ன பொருள்? மக்கள் உடம்பிலிருந்து கதிர் கிளம்புகிறது என்றுதான். சொல்ல வந்ததோ நேர்மாறு: மக்கள் கதிரைப் பெறுகிறார்கள்.

ஆங்கில மூலச்சொல் ‘எக்ஸ்போஷர்’; அதன் லத்தீன் வேருக்கு ‘வெளியே வைத்தல்’ என்று பொருள். மொழிபெயர்த்தவர்கள் அந்த ‘வெளியே’யை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் உள்ளே இருப்பதுதான் வெளிப்படும்: கோபம், திறமை, உண்மை. வெயிலில் உலர்த்திய துணிக்கு ‘வெயில் வெளிப்பாடு’ என்று எவரும் சொல்வதில்லை. போதாததற்கு, உலையின் புகைபோக்கி வழியே வெளியேறும் கதிரியக்கப் பொருளுக்கும் இதே சொல்லைப் போடுகிறார்கள். நிலையம் விடுவதும் மக்கள் பெறுவதும் ஒரே சொல்லானால் அறிக்கை எதற்கு?

செய்தித்தாள்களுக்கு ‘கதிர்வீச்சுப் பாதிப்பு’ பிடித்திருக்கிறது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! மண், பாறை, விண்வெளி, மூச்சோடு போகும் ரேடான் வாயு என இயற்கையிலிருந்தே ஒருவர் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெறுகிறார். அதற்கு மேல், அணுமின் நிலையம் போன்றவற்றால் பொதுமக்கள் பெறுவதற்குப் பன்னாட்டளவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். பெறுவதெல்லாம் பாதிப்பு என்றால் நாம் அனைவரும் பிறவி நோயாளிகள்.

என் தேர்வு ‘கதிர்வீச்சு ஏற்பு’; ‘டோஸ்’ என்பதற்கு ‘ஏற்பளவு’. ‘கதிர் படுதல்’ இன்னும் இயல்பானதுதான். ஆனால் அது தோலோடு நின்றுவிடும். கிராமத்துக் கணக்கிலோ வாய்வழி போவதை விடவே முடியாது. அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் வந்து புல்லில் படிகிறது, பசு மேய்கிறது, பாலில் இறங்கிக் குழந்தையின் தைராய்டில் சேர்கிறது. அதன் அரை ஆயுள் 8 நாள்; அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கறந்த அன்றே பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு கணக்கு, மாதங்கள் கழித்துப் பால்பொடி கரைத்துக் குடிக்கும் குழந்தைக்கு வேறு கணக்கு.

‘ஏற்பு என்றால் சம்மதம் ஆகாதா?’ என்பார்கள். மார்பில் வேல் ஏற்றவன் வேலுக்குச் சம்மதம் கொடுத்தவனா?

இன்னொன்று. ‘மதிப்பிடப்பட்டது’ என்பதை ‘அளவிடப்பட்டது’ ஆக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. வழக்கமான இயக்கத்தில் நிலையத்தால் வரும் பங்கு மிகச் சிறியது. இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து அதைக் கருவியால் பிரித்தறிவது கடினம். ஆகவே வெளியேறிய அளவு, காற்றின் திசை, தோட்டத்துக் கீரை, குடித்த பால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ‘அளந்தார்கள்’ என்று எழுதியதும் அத்தனை அனுமானமும் மறைந்துவிடுகிறது.