அடையாற்றுத் தண்ணீரின் கணக்கு

மே மாத மதியம் ஒன்றில் சென்னை சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் நின்று கீழே அடையாற்றை எட்டிப் பாருங்கள். கறுப்பாக ஏதோ நகர்ந்துகொண்டிருக்கும். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், பிறகு ஏது இந்தத் தண்ணீர்? பெரும்பாலும் நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் போனதுதான். இதே பாலத்தில் 2015 டிசம்பரில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டிய அளவுக்கு வெள்ளம் போனது.

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி கடல்வரை அதன் நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரே ஆறாக ஓடுகிறது. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஆற்றுக்கு வந்து சேர்வது கடைசி மிச்சம்.

கல்யாண வீட்டில் ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அதனால்தான் பந்தி பந்தியாக உட்கார வைக்கிறோம். ஏரிகள் தண்ணீருக்குச் செய்ததும் அதைத்தான். ஒரே நாளில் கொட்டிய மழையைப் பல நாள் நிறுத்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பின. நின்ற நேரத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியது. இறங்கியது வீணாகவில்லை. மழை விட்ட பிறகு ஆற்றின் அடியிலும் கரையிலும் ஊறி வெளியே வரும். வெயில் காலத்தில் சாக்கடை கலக்காமல் ஓர் ஆறு ஓடுகிறதென்றால் பெரும்பாலும் இந்த ஊற்றுநீரால்தான்.

இப்போது நம் மனைக்கு வருவோம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் விழுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லாரி. வெறும் மண்ணாக இருந்தால் ஒரு பங்கைக் குடித்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல் வேகமாகவே குடிக்கும், களிமண் மெதுவாகக் குடிக்கும். மொட்டை மாடியும் சிமென்ட் முற்றமும் தார் ரோடும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. அந்த இரண்டு லாரியும் வடிகாலுக்குப் போகும். பக்கத்து மனையிலிருந்து இரண்டு, எதிர் மனையிலிருந்து இரண்டு. எல்லாம் ஒரே மணி நேரத்தில். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் வெள்ளத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஏரியைத் தூர்த்து நகர் போட்டதில் பந்தி முறையே போய்விட்டது. ஆற்றின் அகலத்தையும் விட்டுவைக்கவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டது.

சரி, வானத்தின் பங்கு என்ன? காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வங்கக் கடல் சூடாக இருக்கும்போது வரும் மேகத்தில் சரக்கு அதிகம், அது சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடலாம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பொதுவாக வலுக்கும். 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அந்த டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது.

மழை குறையும் ஆண்டில் கதை வேறு. நூறு ரூபாய் சம்பளத்தில் எழுபது வாடகைக்கும் மளிகைக்கும் போனால் மிச்சம் முப்பது. சம்பளம் எண்பதாகக் குறைந்தால் மிச்சம் பத்துதான். சம்பளத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, சேமிப்பில் போனதோ மூன்றில் இரண்டு பங்கு. ஆறும் இப்படித்தான். வெயிலும் மரமும் காய்ந்த மண்ணும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும், ஆற்றுக்கு மிச்சம்தான். வெயில் ஏறினால் வாடகையும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம் மாதிரி அகலமாகப் பரந்து கிடக்கும் ஏரியிலிருந்து வெயில் உறிஞ்சுவது கொஞ்சநஞ்சமல்ல.

2018இல் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். 2015இல் அதே ஏரியிலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். லிட்டரில் போட்டுப் பார்த்தேன், நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் வருகிறது. அந்த ரயில் முழுக்கக் கொண்டுவந்த தண்ணீர், நான்கு ஆண்டுக்கு முன் ஏறக்குறைய மூன்றே நொடியில் மதகைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனால் வெள்ளத்தில் மதகுத் தண்ணீர் ஒரு பகுதிதான். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குக் காரணம் அங்கேயே பெய்த மழையும் மேட்டு ஏரிகளின் உபரியும்தான்.

அப்புறம் முகத்துவாரம். அலைகள் கரையோரமாக மணலை ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆற்றில் வேகம் இருந்தால் அந்த மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். கோடையில் சாக்கடை ஓட்டத்துக்கு அந்தத் தெம்பு இல்லை, வாய் தூர்ந்துபோகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய பழைய உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் இயந்திரம் வைத்து மணலை வாரிப் போடுகிறார்கள். அலை மறுபடியும் கொண்டுவந்து கொட்டுகிறது.